"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்ன பிறகு என்ன சொல்வது?

குழித்துறைக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அன்பியத்தில் (பங்குக் கோயிலின் சிறு ஜெபக் குழு) வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். களியக்காவிளை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரம். இங்கே கஷ்டம் எதுவும் தனியாக வருவதில்லை. வீட்டில் ஒருவருக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ என்றால், கூடப் போகிறவர் ரப்பர் பால்வெட்டை விடவேண்டும். பால்வெட்டு நின்றால் குழு லோன் தவணை நிற்கும். தவணை நின்றால் குழுவில் மீதி இருக்கிற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். நகை ஏற்கெனவே பணயத்தில். இப்படி ஒரு வீடு இரண்டு வீடு இல்லை.

அங்கே போய் உட்கார்ந்து "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். அவர்களும் தலையாட்டுகிறார்கள். அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாமல் காப்பி குடித்துவிட்டு வருகிறோம்.

நான் கேட்பது இதுதான். கடவுளை நம்புவது என்றால் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை ஒரு ஆள் செய்கிற காரியம் என்ன? மாத்திரை, லோன், வக்கீல் இதெல்லாம் நம்பிக்கைக்கு உள்ளேயா வெளியேயா? எந்தச் சமயத்தார் சொன்னாலும் சரி. வசனத்தை மட்டும் பார்வர்ட் பண்ணாதீங்க, அது ஃபோன் நிறைய இருக்கு.

வேதபாட வாத்தியார்

சகோதரி, கேள்வியில் பாதிப் பதில் இருக்கிறது. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பது வாக்கியத்தின் முன்பாதி. பின்பாதியைச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோம்.

பைபிளில் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடலும் புயலும் நம் மாவட்டத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் கப்பல் புயலில் மாட்டுகிறது. உள்ளே 276 பேர். உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் பவுலிடம் சொல்லிவிட்டான். வாக்கு கையில் கிடைத்தாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு கப்பலில் யாரும் சும்மா உட்காரவில்லை என்பதை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

பதினாலாம் ராத்திரி விழுது (கயிற்றில் கட்டின ஈயக்குண்டு) விட்டு ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பதினைந்து பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதலாம். கஷ்டத்தில் இருக்கிற வீட்டில் முதலில் செய்யவேண்டியது இந்த ஆழம் பார்ப்பதுதான். நம் ஆட்கள் செய்யாததும் இதுதான். "கடன் கழுத்துவரை இருக்கு" என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. ஒரு முழுத்தாளில் எழுதச் சொல்லுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு மீதி, வட்டி எவ்வளவு, அடுத்த தவணைத் தேதி எது. மருத்துவத்துக்கு அடுத்த தேதி, அன்றைக்குப் போகவர, சாப்பாட்டுக்கு என்ன ஆகும். எழுதினால் தொகை குறையாது. ஆனால் தொகை தெரியாத பயம் தெரிந்த பயத்தைவிடப் பெரிது. ஜெபத்தில் அந்தத் தாளை நடுவில் வைத்து, வரி வரியாக வாய்விட்டு வாசித்து ஒப்புக்கொடுங்கள். "என் பாரத்தை எல்லாம் உம்மேல் வைக்கிறேன்" என்று மொத்தமாகச் சொன்னால் மனசு நம்பாது. "பதினெட்டாம் தேதி கட்டவேண்டிய 2,300 ரூபாயை உம்மிடம் சொல்கிறேன்" என்றால் நம்பும்.

அடுத்தது, பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்பக்கத்திலிருந்து, நாலு நங்கூரம் போட்டு, பொழுது எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். இருட்டில் கப்பலை ஓட்டவில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் நிலத்தை விற்பது, வேலையை விடுவது, உறவை முறிப்பது எதையும் முடிவு பண்ணக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள். நங்கூரம் நாலும் எதெது என்று பிரசங்கி யாராவது அழகாகப் பிரித்துச் சொல்வார், எனக்கு அதில் ருசி இல்லை. ஜெபத்துக்கு மாறாத ஒரு நேரம், மூன்று வேளைச் சாப்பாடு, தினம் பேச ஒரு ஆள், அன்றைக்கு முடிக்கவேண்டிய ஒரே ஒரு வேலை. இவ்வளவு போதும் கப்பல் நகராமல் நிற்க.

இன்னொன்று யாரும் பிரசங்கத்தில் தொடாத இடம். கப்பலாட்கள் நங்கூரம் போடப்போகிற சாக்கில் படகை இறக்கி நைசாக நழுவப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் காவலுக்கு வந்த படை அதிகாரியான நூற்றுக்கதிபதியிடம் சொல்கிறார். வாக்குக் கொடுத்த தேவதூதனை நம்பின அதே பவுல்! கஷ்டம் வந்தால் படகை இறக்குகிற ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. குடிக்குள் இறங்குகிறவர், "வேலை தேடி" எர்ணாகுளம் போய் ஃபோனை அணைக்கிறவர். அவரைப் பிடித்து உட்காரவைப்பதும் விசுவாசக் காரியம்தான். தனியாகப் பேசுங்கள், மனைவி முன்னால் வேண்டாம்.

கடைசியில் கப்பல் உடைந்துதான் போகிறது. நீச்சல் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகையைப் பிடித்தும் கரை சேர்ந்தார்கள். கப்பலைக் காப்பாற்றுவேன் என்று தூதன் சொல்லவே இல்லை.

கிழக்குவாசல் திருவட்டாறு

வாத்தியார் நன்றாகச் சொன்னார். எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

வைணவத்தில் சரணாகதிக்கு ஆறு அங்கம். பெயர்களை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன். அவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி. உகக்காததை விடுவேன் என்ற உறுதி. காப்பாற்றுவான் என்ற உறுதி. "என்னைக் காப்பாற்று" என்று வாய்திறந்து கேட்பது. என்னால் ஆகவில்லை என்று ஒத்துக்கொள்வது. அப்புறம்தான் தன்னையே ஒப்படைப்பது. முதல் இரண்டும் நாம் செய்கிற காரியம் என்பதைக் கவனியுங்கள் அக்கா. "எல்லாம் அவன் செயல்" என்று கைகட்டி உட்காருகிறவர் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்துக் கடைசிப் படிக்குப் போகப் பார்க்கிறார்.

நாலாவதும் முக்கியம். "கடவுளுக்குத் தெரியாதா, நான் என்ன கேட்பது" என்று சிலர் மௌனமாக இருப்பார்கள். அது பணிவு மாதிரித் தெரியும், பல நேரம் கோபம். கேட்கச் சொல்லுங்கள். அதே ஆட்கள் மனுஷரிடமும் கேட்கமாட்டார்கள், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதைக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

குரங்குக் குட்டி, பூனைக் குட்டி உவமை எல்லாருக்கும் தெரியும். குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடிக்கும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலை, தென்கலை என்று பெரியவர்கள் வாதம் செய்யட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டும் வேண்டும். கையில் தெம்பு இருக்கிற நாளில் குரங்குக் குட்டியாக இரு. மூன்று நாள் தூங்காமல் ஐசியூ வாசலில் கிடக்கிற அன்று பூனைக் குட்டியாகக் கிட. ஜெபிக்க முடியவில்லை என்று அன்றைக்கு குற்ற உணர்ச்சி வேண்டாம்.

திரௌபதி இரண்டு கையையும் தூக்கின பிறகுதான் கண்ணன் வந்தான் என்ற கதையை வைத்து "முயற்சியை விடு" என்று சிலர் சொல்வார்கள். பதிலுக்கு அர்ஜுனனைக் காட்டுங்கள். எல்லாவற்றையும் விட்டு என்னைச் சரணடை என்று கேட்ட பிறகு அவன் எடுத்தது வில்லை. கண்ணன் தேர்தான் ஓட்டினான்.

எங்கள் ஆதிகேசவப் பெருமாளை ஒரே இடத்தில் நின்று முழுசாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல். ஒன்றில் திருமுகம், ஒன்றில் திருக்கரம், ஒன்றில் திருவடி. கஷ்டத்தில் இருப்பவரிடம் நான் சொல்வது: இன்றைக்கு உனக்குத் திறந்திருக்கிறது திருவடி வாசல் என்றால் அதை மட்டும் பார். முகம் தெரியவில்லை என்றால் அங்கே முகம் இல்லை என்று ஆகாது.

வார்டு_நைட்டூட்டி

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் உடம்புப் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம்பிக்கை பெயரில் ஆபத்து வருவது அங்கேதான்.

உபவாச ஜெபம். சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக்கூடாது. மருந்து சர்க்கரையை இறக்கும், உள்ளே சாப்பாடு இல்லை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறின பேச்சு வந்தால் அது ஆவியின் அசைவு அல்ல, லோ சுகர். அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. இவர்களுக்கு ஃபோனை, சீரியலை, கோபத்தை விடுகிற உபவாசம் போதும்.

மாத்திரையை நிறுத்துவது. "சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணு, மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் கேட்காதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரும். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் அடுத்த முறை அதே மருந்து கேட்காது. வசனம் வேண்டும் என்பவர்களுக்கு எசேக்கியா ராஜா: குணமாக்குவேன், 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே சொன்ன பிறகும் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி கட்டியின்மேல் பற்றுப் போட்டார். வாக்கும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கு.

ராத்திரி இரண்டிலிருந்து நாலு மணி. கவலை உச்சத்தில் நிற்கிற நேரம். படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். விடும்போது ஒரு சின்ன ஜெபம், "இயேசுவே இரங்கும்" என்றோ "நாராயணா" என்றோ, உங்களுக்கு எது வாயில் வருமோ அது. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். பத்து நிமிஷம் செய்தால் அறுபது. 2001-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு தானாகவே இந்த ஆறுக்கு இறங்கி, இதயத் துடிப்பும் அதற்கேற்ப சீரானதைப் பார்த்தார்கள். நம் பாட்டிமார் எண்ணிக்கொண்டே தூங்கிப்போனதற்குக் காரணம் உண்டு. ஜெபமாலையைப் பாதியில் விட்டுத் தூங்கினால் பாவம் இல்லை.

எலியா தீர்க்கதரிசியை மறக்காதீங்க. சூரைச்செடிக்குக் கீழே படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றவருக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது சூடான அடையும் தண்ணீரும். தூங்கவிட்டு, எழுப்பி, மறுபடி சாப்பாடு. புத்திமதி எல்லாம் பிற்பாடு. சாப்பிடாத, தூங்காத ஆளிடம் ஆன்மிகம் பேசுவது வீண்.

ஒன்று முக்கியம். "நான் இல்லேன்னா இவங்களுக்குப் பாரம் குறையும்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதை விசுவாசக் குறைவு என்று திட்டாதீர்கள். நேராகக் கேளுங்கள்: சாகணும்னு தோணுதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடக்கூடாது. வீட்டில் இருக்கிற பூச்சிமருந்து, ரப்பர் ஷீட்டு அடிக்கிற ஆசிட், மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்தி வேறு வீட்டில் பூட்டுங்கள். 14416 டெலி மானஸ், இருபத்துநாலு மணிநேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. ஜெபிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் ஃபோன் பண்ணட்டும்.

குழித்துறைக்காரி

நன்றி, சிஸ்டர். ஷீட்டு ஆசிட் பற்றி இதுவரை யோசிக்கவே இல்லை. நேர்ச்சை பற்றி யாராவது சொல்லுங்கள். கஷ்டம் வந்தவுடனே எங்கள் பக்கம் முதலில் செய்வது அதுதான்.

பணயச்சீட்டு

நேர்ச்சையா? நான் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை.

மண்டைக்காட்டில் தலைவலிக்கு மண்டையப்பம், கோட்டாறு சவேரியாருக்கு மெழுகுதிரி, இதெல்லாம் கைக்கு அடங்கினது, யாரும் குறை சொல்லவில்லை. தவறு எங்கே தொடங்கும் என்றால், "பிழைச்சா இரண்டு பவுன்" என்று ஐசியூ வாசலில் வாய் சொல்லும்போது. ஆள் பிழைக்கும், பவுன் இருக்காது. அப்புறம் நேர்ச்சைக் கடனுக்காக இன்னொரு கடன். கடன் வாங்கித்தான் செலுத்தவேண்டும் என்றால் அந்த நேர்ச்சையை நேராதீர்கள். ஏற்கெனவே நேர்ந்தவர் பங்குத்தந்தையிடமோ கோயிலிலோ சொல்லி மாற்றிக்கொள்ளலாம். பழைய ஏற்பாட்டிலேயே நேர்ந்தவன் ஏழையாக இருந்தால் அவன் சக்திக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிடவேண்டும் என்று லேவியராகமம் 27-இல் விதி இருக்கு. அய்யா வைகுண்டர் காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்று சொன்ன மண் இது. காசு இல்லாத நேர்ச்சை நேருங்கள். பிழைத்தால் ஒரு வருஷம் மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் துணை இல்லாத நோயாளிக்குக் கஞ்சி.

லோனுக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது. சொந்தக்காரரை, கூட வேலை செய்கிறவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்த்துக் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக்கடன் கொடுக்கவும் கூடாது. கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தவணை தவறும் *முன்பே* கிளைக்கு எழுத்தில் கொடுத்து தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கவேண்டும், நகலில் முத்திரை வாங்கவேண்டும். நம் ஆட்கள் மூன்று தவணை போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பார்கள். இலையுதிர்வை ஒட்டி பிப்ரவரி, மார்ச், மழையில் ஜூன், ஜூலை. பால்வெட்டு நிற்கும் மாதங்கள் முன்கூட்டியே தெரியும். மேற்குக் கடலோரத்தில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களுக்கு டிசம்பரிலேயே பேசுங்கள்.

கந்துவட்டி மிரட்டலுக்கு 2003-ஆம் வருஷச் சட்டம் இருக்கு. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்று விஏஓ சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ். அந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லை தாண்டிப் போய் கேட்டால் ஒருநாள் கூலி போச்சு.

நட்டாலத்தான்

ஒன்றை யாரும் தொடவில்லை. நம்பியும் நடக்காவிட்டால்?

நம் ஊர் தேவசகாயத்தையே எடுங்கள். நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். மாடு செத்து, விளைச்சல் போய், மனம் உடைந்திருந்தபோது அவருக்கு பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மா படையில் சேர்ந்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். தேவசகாயம் என்ற பெயருக்கே கடவுளின் உதவி என்று பொருள். அந்த உதவி எப்படி வந்தது? 1749-இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் 2022 மே 15-இல்.

யோபுவுக்கு இழந்தது இரட்டிப்பாகத் திரும்பியது. அந்தக் கதையைக் கேட்டு நம்பினவருக்குத் திரும்பவில்லை. ஆகவே "நம்பு, எல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்று எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள் அக்கா. அது நமக்குக் கொடுக்கப்படாத வாக்கு. கூட இருப்பேன் என்பதுதான் கொடுக்கப்பட்டது. கீமோ பலிக்காத வீட்டில், நாம் சொன்ன பொய் அவர்கள் விசுவாசத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

அழவும் கேள்வி கேட்கவும் இடம் கொடுங்கள். 13-ஆம் திருப்பாடல் மொத்தமே ஆறு வசனம், அதில் "எதுவரை" என்ற கேள்வி நாலு தடவை. 88-ஆம் திருப்பாடல் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வரி கிடையாது. அப்படியே ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். 13-ஆம் திருப்பாடல் மாதிரிச் சின்னதாக எழுதச் சொல்லலாம்: இரண்டு வரி முறையீடு, இரண்டு வரி கேட்பது, ஒரு வரி நம்பிக்கை. நம்பிக்கை வரி வராத நாளில் காலியாக விடட்டும், நாம் இட்டுக்கட்டி நிரப்பவேண்டாம்.

குழித்துறைக்காரி

வாத்தியார் சொன்ன தாளையும், சிஸ்டர் சொன்ன நம்பர்களையும் ஒரே அரைத்தாளில் அடித்து வீட்டுக்கொன்று கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கடைசியாக ஒன்று. முதல் தடவை போகும்போது எவ்வளவு நேரம் இருக்கலாம், என்ன பேசலாம்?

நட்டாலத்தான்

யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அவர்களைத்தான், கேள்வி கேட்ட யோபுவை அல்ல. நமக்கு ஏழு நாள் முடியாது, அரைமணி நேரம் போதும். இரண்டு பேர் போங்கள், கூட்டமாக வேண்டாம். "ஏன் வந்துச்சு" என்று ஆராய்ச்சி வேண்டாம், "எங்க மாமாவுக்கும் இதுதான், ஆறு மாசத்துல போயிட்டார்" மாதிரி ஆறுதலும் வேண்டாம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள்; "வியாழக்கிழமை ஆர்சிசிக்கு யார் கூடப் போறா? பிள்ளைங்க சாப்பாடு அன்னிக்கு எங்க வீட்ல" என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஜெபம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

வார்டு_நைட்டூட்டி

மரச்சீனியும் மீன்கறியும் கொண்டு போங்க, ஆனா கீமோவில் இருப்பவருக்கு மட்டும் கஞ்சியும் பயறும் தனியா, வாசனை குறைவா, அன்னிக்கு வச்சதா இருக்கட்டும். சில்வர் பாத்திரத்தில் கொண்டு போய் அங்கேயே விட்டுட்டு வாங்க. எடுக்க இன்னொரு நாள் வர்றேன்னு சொன்னா, இரண்டாவது தடவை போக ஒரு சாக்கு கிடைக்கும். அந்த இரண்டாவது தடவையிலதான் அவங்க பேச ஆரம்பிப்பாங்க.